கிரஷர் திருப்பம்

காற்று பைக்கை ரோட்டை விட்டு ஓரமாகத் தள்ளியது.

சங்ககிரி தாண்டி எடப்பாடி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. பெட்ரோல் டேங்கின் மேல் மூத்தவள் அபிநயா. பின்னால் என் மனைவி ரஞ்சனி. எங்கள் இருவருக்கும் நடுவில் சின்னவள் தனப்பிரியா. தன் உடம்பு என் மேல் சாய்ந்துவிடக் கூடாது என்று இரண்டு கையையும் என் முதுகில் ஊன்றி, வழியெல்லாம் என்னைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று ரஞ்சனி மறுபடி சொன்னாள். மேட்டூர் அணை எங்கேயும் ஓடிவிடாது என்றாள்.

அணை ஓடாது. நாளை மறுநாள் ரயில் ஏற வேண்டியவன் நான்தான்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை எனக்கு. ஒரிசா, சத்தீஸ்கர் என்று வருஷம் முழுக்க வடக்கேதான். அங்கே மழை பிடித்தால் வண்டி நிற்கும், நாங்கள் ஊருக்கு வருவோம். போன வருஷம் அதுவும் இல்லை. முதலாளி வண்டியை மழை பெய்யாத ஊராகப் பார்த்து அனுப்பிவிட்டார். நான் கிளம்பிப் போனபோது சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இந்தத் தடவை வந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, இது யார் என்று அக்காளிடம் கேட்டாள்.

வந்து பத்து நாள் ஆகிறது. இன்னும் என்னிடம் வரவில்லை.

அம்மா என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, 'ஏனுங்க' என்பதுதான் என் பேர் என்று வைத்துக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தால் ஏனுங்களுக்கும் முட்டை வைக்கச் சொல்வாள். ஏனுங்க எப்போது தன் வீட்டுக்குப் போவார் என்றும் கேட்பாள்.

மற்றபடி அவளுக்கு ஒரு அப்பா இருக்கிறார். அவர் போனில் இருக்கிறார். சாயங்காலம் ஆனதும் போனை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடுகிறாள். அப்பா ஏன் இன்னும் வரவில்லை என்று அழுகிறாள். ஒருநாள் நான் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வீடியோ கால் போட்டேன். பார்த்தாள். இது ஏனுங்க என்று சொல்லி, போனை அக்காளிடம் கொடுத்துவிட்டாள். அபிநயா ரெண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அதனால்தான் அணை. அங்கே பார்க்கில் ஊஞ்சல் இருக்கிறது, சறுக்கு இருக்கிறது, வாசலில் வறுத்த மீன் இருக்கிறது. ஒரு பகல் முழுக்கக் கூடவே இருந்தால் எந்த இடத்திலாவது கையைக் கொடுப்பாள். கொடுக்காமல் நான் ரயில் ஏறப் போவதில்லை.

திருப்பத்தில் ஒரு ஜல்லி கிரஷர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மிஷின் ஓடவில்லை. கல் பவுடரை மட்டும் ரோட்டோரம் பெரிய குவியலாகக் கொட்டி வைத்திருந்தார்கள். எதிரே பூட்டிக் கிடந்த டீக்கடைக்கு ஒரு தகரக் கூரை இருந்தது. நிறுத்தினேன்.

ரஞ்சனி பிள்ளைகளை இறக்கிக் கூரைக்கு ஓடினாள். பாதி வழியில் சின்னவளின் தொப்பி பறந்தது. அம்மா கையை உதறிவிட்டு அதன் பின்னாலேயே ஓடினாள், நேராகக் குவியலைப் பார்த்து.

அந்த நேரத்தில்தான் பெரிய காற்று வந்தது. குவியல் அப்படியே எழுந்து நின்றது.

பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். தூக்கினால் அலறுவாள், அலறினால் வாயெல்லாம் தூசி போகும். தூக்கவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த துண்டை எடுத்து அவள் தலையோடு மூடினேன். அவளை முதுகுக்குப் பின்னால் விட்டு, வருகிற தூசிக்கு நேராக முட்டி போட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கு அடைத்தது, பல்லெல்லாம் நறநறத்தது. அசையவில்லை.

காற்று தணிந்தது. திரும்பினேன்.

துண்டை விலக்கிவிட்டு அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தபடி இருந்தது.

"அப்பா, எப்ப வந்தீங்க?"

பத்து நாளாக விளங்காதது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வீட்டுக்குப் போன் போடுவது குழியோரத்திலிருந்து, ராடு மாற்றுகிற இடைவெளியில். கம்ப்ரசர் காற்றில் பாறை பவுடராக மேலே வந்து கொட்டும். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. அவள் பார்த்து வளர்ந்த அப்பா அந்த வெள்ளை ஆள்தான். இங்கே நான் தினம் ரெண்டு வேளை குளித்துக்கொண்டிருந்தேன்.

"இப்பத்தான் சாமி."

கையைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு, நம் வீட்டில் ஒருத்தர் வந்து தங்கியிருக்கிறார், நல்ல மாதிரிதான் என்று என் காதில் சொன்னாள்.

சடசடவென்று மழை இறங்கியது. கூரைக்கடியில் நின்ற ரஞ்சனிக்கும் அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டிருந்தது.

"மூஞ்சிய மூடிக்கிட்டு ஓடியாங்க. கழுவிப் போயிரும்."

நான் மூடவில்லை. ஓடவும் இல்லை.

நாளை மறுநாளுக்குப் பிறகு மறுபடி போனில் வெள்ளையாகத்தான் வருவேன். அடுத்த வருஷம் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன்.

முகத்தை மழைக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நின்றேன். நெற்றியிலிருந்து தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. அவள் விரலும் அதன் கூடவே இறங்கியது. வெள்ளைக்கு அடியில் கறுப்பு வந்த இடத்தில் விரல் நின்றது. கழுத்திலிருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

போகட்டும், எல்லாம் போகட்டும். போகப் போக அவள் பார்க்கட்டும்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு, மீசையில் ஒட்டியிருந்த மிச்சத்தைத் தன் உள்ளங்கையால் அவளே துடைத்துவிட்டாள்.