கட்டத்தைக் காணோம்

எங்கே தப்பாகச் சொல்லித் தொலைப்போமோ என்று ரிசப்ஷன் அக்காவுக்குப் பயம். படித்ததோ எட்டாவது. பேச வேண்டியதோ சாஃப்ட்வேர் கம்பெனிக்காரரிடம்.

"சார், பல் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். நேத்து புது வெர்ஷன் போட்டீங்களே, அதுல ஒரு கட்டத்தைக் காணோம்."

"எந்தக் கட்டம்?"

"விலாசம் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஒரு கட்டம். யாராவது கேட்டுக்கிட்டா அதுல டிக் போடுவோம்."

"அது எங்க கட்டமே இல்லம்மா. உங்களுக்காகத் தனியா சேர்த்தது. அந்த மாதிரி சேர்த்ததையெல்லாம் முன்னாடியே லிஸ்ட் குடுங்கன்னு உங்க மேனேஜருக்கு எத்தனை மெயில் போட்டேன். பதிலே இல்ல. இப்ப வந்து காணோம்னா?"

குரலில் கடுகு வெடித்தது.

"போட்ட டிக்கெல்லாம் அழிஞ்சு போச்சா சார்?"

"அழியல, உள்ளதான் இருக்கு. அது என்னன்னு புது வெர்ஷனுக்குத் தெரியாது. நாளைக்குப் பாக்கறேன். எனக்கு உங்க ஆஸ்பத்திரி ஒண்ணுதானா?"

சரியான சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொண்டாள்.

ரிசீவரை வைப்பதற்குள் கவுன்டரில் ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி கலையாத சட்டை. கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா.

"என் பொண்ணோட பல் கிளிப்பும்மா. அவ அம்மா கூட்டிட்டுப் போறப்ப மறந்துட்டா. வீடு மாறிட்டாங்க. புது விலாசம் உங்ககிட்ட இருக்குமே?"

மனைவி பெயரைச் சொன்னார். உதடு கிழிந்து, முன்பல் உடைந்து வந்தவள் அவள். 'இடம் தெரிஞ்சா அவர் என்னை உசிரோட விட மாட்டார்க்கா' என்றிருந்தாள். டிக் போட்டது இதே கைதான். இப்போது திரையில், 'கணவர். தகவல் தரலாம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"டப்பாவை இங்க குடுத்துட்டுப் போங்க சார். நாங்க சேர்த்துடறோம்."

"இல்லம்மா, நானே நேர்ல போகணும்." சிரித்தபடிதான் சொன்னார்.

பெஞ்சில் காத்திருந்த அம்மாள், "பாவம், இந்தக் காலத்துல எந்த அப்பன் இப்படி அலையறான்" என்றாள்.

அக்கா வாயைப் பொத்தி ரிசீவரில் கிசுகிசுத்தாள். "சார், யாருக்குச் சொல்லக் கூடாதுன்னு டிக் போட்டமோ, அந்த ஆளே வந்து நிக்கறார்."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மேனேஜர் அறையிலிருந்து வந்தார். "என்ன நடக்குது இங்க?"

"சார், இவங்க விலாசத்தைச் சொல்லக் கூடாதுன்னு ஒரு கட்டம் இருந்துது..."

"கட்டமாவது வட்டமாவது. தரலாம்னுதானே போட்டிருக்கு? போன வாரமும் உங்க மேல கம்ப்ளெயின்ட். வேலை வேணுமா, வேணாமா?"

வேலை வேண்டும். இந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. இருந்தும் அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நகருங்க. நானே சொல்றேன்." மேனேஜர் மவுஸைப் பிடித்து அடுத்த பக்கத்தைத் தட்டினார்.

திரை கறுப்பாகிவிட்டது.

உள்ளே டாக்டர் அறையிலிருந்து, "இங்கயும் போச்சு" என்று சத்தம் வந்தது. மேனேஜர் ரிசீவரைப் பிடுங்கினார்.

"என்னய்யா வேலை பாக்கறீங்க? மொத்தமும் நின்னு போச்சு."

"சாரி சார். கை தவறிடுச்சு. என் தப்புதான்."

"உங்க மேலதிகாரிக்கு எழுதறேன். சீட்டு கிழியும்."

"எழுதுங்க சார்."

டப்பாக்காரர், "நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பினார். மேனேஜர் ரிசீவரை மேஜையில் போட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். அக்கா ரிசீவரை எடுத்தாள்.

"சார், எப்ப சார் திரும்ப வரும்?"

"அந்த ஆள் போயிட்டானா அக்கா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போ... போயிட்டார்."

"அப்ப இருங்க. முதல்ல உங்க கட்டம் வரட்டும். அப்புறம்தான் மத்ததெல்லாம் வரும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை வைத்தாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. குனிந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.