தொட்ட இடத்தில் ஒரு துளி

ஒரு காரீயத் துண்டையும் ஒரு வெள்ளீயத் துண்டையும் ஒரே இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் வைத்தார்கள். கரண்டி சின்னது. இரண்டும் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று.

"தம்பி, நீ சீக்கிரம் உருகுகிற ஆள் என்று கேள்வி. என் மேல் வழிந்து தொலைக்காதே," என்றது காரீயம்.

"என் சூடு எனக்குத் தெரியும் அண்ணே. அதற்கு இன்னும் நேரமிருக்கிறது," என்றது வெள்ளீயம். முதலில் உருகப்போவது தான்தான் என்பதை அண்ணன் மறைக்கிறான் என்று அதற்குப் பட்டது.

கொஞ்ச நேரத்தில், இரண்டும் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு துளி பளபளத்தது.

"உருகிவிட்டாயா, துரோகி!" என்று காரீயம் கத்தியது.

"நானா? இந்தச் சூட்டுக்கு நான் அசையக்கூட மாட்டேன். நீதான்!"

"எனக்கு இதைவிட எவ்வளவோ சூடு வேண்டும். கரண்டியையே கேள்!"

இரண்டையும் முன்பு தனித்தனியாகச் சுமந்திருந்த கரண்டி, "இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். தனியாக வந்தபோது இந்தச் சூட்டில் நீங்கள் இருவருமே கல் மாதிரி இருந்தீர்கள். ஒட்டிக்கொண்டால்தான் இந்தச் சூட்டிலேயே உருகுகிறீர்கள்," என்றது.

"அப்படியானால் இவன்தான் என்னை ஏதோ செய்துவிட்டான்!" என்றன இரண்டும்.

வசவு ஓயவில்லை. அதற்குள் துளி பெருகி, இருவரின் கடைசி மூலையும் கரைந்துபோயிற்று. கரண்டி எல்லாவற்றையும் அச்சில் ஊற்றியது. ஆறி இறுகியதும் கேட்டது:

"இப்போதாவது சொல்லுங்கள். முதலில் உருகியது யார்?"

"அவன்தான்!" என்று ஒரே ஒரு குரல் வந்தது.

கரண்டி குனிந்து பார்த்தது. அச்சில் ஒரே ஒரு கட்டிதான் கிடந்தது.