முதல் ஐந்து எழுத்து

ஞாயிற்றுக்கிழமை வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலை இன்ஜினியரிங் விண்ணப்பத்தின் மேல் கோடு கோடாகப் போடுகிறது. பி.யு.சி. முடித்த தாயம்மாள் தரையில் குப்புறப் படுத்து, முதல் விருப்பம் என்ற கட்டத்தில் ‘கிண்டி, சிவில்’ என்று இங்கிலீஷில் பென்சிலால் எழுதிவிட்டு, பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஆவடி ராணுவ டெப்போவில் பதினெட்டு வருடமாக ஃபிட்டராக இருக்கும் அப்பா வேம்புலி, பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு குனிந்து பார்க்கிறார். “கிண்டி வேணாம். கோயமுத்தூர்ல மெக்கானிக்கல் போடு.” மகளை வெளியூருக்கே அனுப்பமாட்டேன் என்று நேற்றுவரை சொன்னவர். “இன்னா நைனா, அவ்ளோ தூரமா?” “தூரமானா இன்னா. சிவில் மட்டும் வேணாம். நான் சிவிலா கீறது பத்தாதா? பட்டாளத்து ஆபீசர் வந்தா ஓரமா ஒதுங்கி நின்னுகினு.” அவள் சிரிக்கவில்லை. “அது வேற சிவில் நைனா. பாலம், ரோடு, ஊடு எல்லாம் கட்றது.” ஆணியில் தொங்கும் காக்கிச் சட்டையிலிருந்து அவர் டெப்போ பாஸை எடுத்துவருகிறார். அதில் அவர் பெயருக்குக் கீழே ‘சிவிலியன்’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறது. அதை விண்ணப்பத்தின் பக்கத்தில் வைத்து, கிரீஸ் கறை போகாத விரலால் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுகிறார். “ஒண்ணாதானே கீது.” “உன்னுதுல கடைசில மூணு எழுத்து ஜாஸ்தி நைனா.” அந்த மூன்றையும் கட்டைவிரலால் மூடிப் பார்க்கிறார். கன்னத்து நுரை காய்ந்துகொண்டிருக்கிறது. விரலை எடுக்காமலே சொல்கிறார்: “பேனாவால எய்து.”