நூறு டிகிரி

உலைச் சூட்டை அளக்கும் குழலான தெர்மோகப்பிளை, கருகிப்போன நிலையில், விசாரணை அதிகாரியின் மேஜைமேல் வைத்தார் தொழிற்சாலையின் மீட்டர் மெக்கானிக். "என் மச்சான் மேல தப்பே இல்ல சார். இதைச் சோதிச்சுப் பாருங்க."

மூன்று வாரத்துக்கு முன், உலோகத்தைப் பதப்படுத்தும் உருக்கிய நைட்ரேட் உப்புத் தொட்டி வெடித்து, மெக்கானிக்கின் தங்கை கணவரான உலை ஆபரேட்டர் இறந்துபோனார். பக்கத்தில் நின்ற இருவருக்கு உடம்பெல்லாம் வெந்துவிட்டது. ஆபரேட்டர் மீட்டரைக் கவனிக்காமல் தூங்கிவிட்டார் என்று தொழிற்சாலை அறிக்கை எழுதி முடித்தது. அன்றிலிருந்து அந்த இருவரின் வீட்டார் தெருவில் தங்கையைக் கண்டாலே காறித் துப்பினார்கள்.

"கிளறாம விட்டுடுங்க, உங்களுக்கும் அதான் நல்லது" என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிப் பார்த்திருந்தார். மெக்கானிக் கேட்கவில்லை. சுவரோரம் தங்கையை உட்காரவைத்துவிட்டு, அதிகாரிக்குப் பொறுமையாக விளக்கினார்.

குழலுக்குள் இருப்பது வெவ்வேறு உலோகத்தில் இரண்டு கம்பிகள். ஒட்டவைத்த நுனி சூடானால் துளி மின்சாரம் பிறக்கும், மீட்டர் அதைத்தான் டிகிரியாகக் காட்டும். கம்பியை உப்பு அரித்துவிட்டால் மின்சாரம் குறையும், மீட்டரும் சூட்டைக் குறைத்தே சொல்லும்.

பழையதையும் புதிதாக ஒன்றையும் ஒரே சோதனை உலையில் செருகினார்கள். புதியது ஐந்நூற்றிருபது காட்டியது. பழையது நானூற்றிருபதைத் தாண்டவில்லை.

அப்படியானால் மீட்டர் ஐந்நூறு என்றபோது தொட்டிக்குள் அறுநூறு இருந்திருக்கிறது, அது உப்பு வெடிக்கிற சூடு, ஆபரேட்டர் மீட்டரை நம்பித்தான் செத்திருக்கிறார் என்றார் அதிகாரி. அறிக்கையில் தூங்கியதாக இருந்த வரியை அடித்தார். தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதிகாரி பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டினார். இதை மாதாமாதம் சோதிக்க வேண்டுமே, விபத்துக்கு முந்தின வாரம்கூடச் சரியாக இருப்பதாக ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று நெற்றியைச் சுருக்கினார்.

தங்கை எழுந்து வந்தாள். "பாக்காமலே போட்டிருக்கான். யாருண்ணா அந்தப் பாவி? அவன் மூஞ்சிய நான் ஒரு தடவை பாக்கணும்."

மெக்கானிக் அவள் பக்கம் திரும்பினார்.

"நல்லாப் பாத்துக்கம்மா."