துரை வரும் சாலை

அவள் கால்சட்டைக்கு மேல் சேலையை வரிந்து கட்டினாள்.

கால்சட்டை புருசன் சடையனுடையது. சைக்கிளும் அவனுடையதுதான்.

அவன் டவுன் போலீஸ் லாக்கப்பில் கிடந்தான்.

வெள்ளைக்காரத் துரையின் கார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். மலாயாவில் அந்த ரப்பர் தோட்டத்துக்கு அது சட்டம். சடையன் இறங்கவில்லை. துரையின் ஆட்கள் அவனை நடுச்சாலையில் போட்டு மிதித்தார்கள்.

மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தது. கூலிகளின் லயத்து வீடுகளிலிருந்து ஒருவரும் போகவில்லை. ஒரு மரத்திலும் கத்தி படவில்லை.

வேலைநிறுத்தத்தைத் தூண்டியவன் என்று போலீஸ் சடையனைப் பிடித்துப் போனது. தோட்டத்துக் கடையில் அரிசி தருவதை நிறுத்தினார்கள். குழாயில் தண்ணீர் நின்றது.

ஜனம் மரவள்ளியை அவித்துத் தின்றது. ஆற்றுத் தண்ணீரைக் குடித்தது. வேலைக்குப் போகவில்லை.

இன்று விடிந்ததும் கங்காணி ரெங்கப்பன் வாசலில் வந்து நின்றான். சேலத்தில் ஆசைகாட்டி, ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி, அவர்களைக் கப்பலேற்றியவன்.

"தொர கால்ல விழறேன்னு சடையனச் சொல்லச் சொல்லு. பொழுது சாயறதுக்குள்ள உம் புருசன் வந்துருவான்."

அவள் அடுப்பிலிருந்து மரவள்ளிப் பானையை இறக்கினாள்.

வேலையில்லாத இந்தப் பகல்களில் கோயில் மேட்டில் அவள் சைக்கிள் பழகியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவாள். விழுந்த முழங்கால் இன்னும் ஆறவில்லை.

அவித்த மரவள்ளியைச் சடையனுக்கென்று துணியில் முடிந்து கேரியரில் கட்டினாள்.

"போயிட்டு வா," என்று பூங்காவனம் தள்ளிவிட்டாள்.

டவுனுக்குப் போகும் செம்மண் சாலை. இரு பக்கமும் பால் வடியாத மரங்கள்.

வளைவில் கார் திரும்பியது.

கங்காணி லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சைக்கிள் கூடவே ஓடி வந்தான்.

"எறங்கு புள்ள. தொர வர்றாரு. எறங்கு."

ஹாண்டில் ஆடியது. சடையனை மிதித்த இடம் இதுதான்.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏறத்தான் பழகுனேன் கங்காணி. எறங்கப் பழகல."

ஹாரன் அலறியது. மறுபடியும் அலறியது.

அவள் மிதித்தாள்.

பிரேக் கிறீச்சிட்டது. புழுதி எழுந்து அடங்கியபோது, கார் ஒரு பக்கம் சாய்ந்து வாய்க்கால் ஓரத்தில் நின்றிருந்தது.

லயத்து ஜனம் மொத்தமும் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

காரின் கதவு திறந்தது.

துரை இறங்கினார்.

அவள் மணி அடித்துவிட்டுக் கடந்து போனாள்.