முதல் துண்டு

அது துண்டை ஒழுங்காக மடித்துவிட்டால் நாளையிலிருந்து அவளுக்கு வேலை இல்லை.

சுவரில் மாட்டிய டிவியை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். கூட எட்டுப் பெண்கள். ஒன்பது பேர் நெற்றியிலும் ஒரு பட்டை. பட்டையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேமரா.

கழுத்து வலித்தது. கேமராவுக்கு எடை ஒன்றுமில்லை. தலையை ஆட்டக்கூடாது என்ற சட்டத்துக்கு எடை உண்டு.

டிவியில் ஏதோ ஒரு தேசம். அங்கே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் இரண்டு இரும்புக் கைகள். தலை இல்லை. துண்டு மடிக்கத் தலை தேவையில்லை என்று அங்கே முடிவு செய்திருந்தார்கள்.

அந்தக் கைகளுக்குத்தான் இந்தக் கரூர் ஷெட்டில் ஆறு மாதமாகப் பாடம் நடக்கிறது. அவள் மடிப்பாள். நெற்றிக் கேமரா அவள் கைகளைப் படம் பிடிக்கும். மடித்ததைப் பக்கத்தில் நிற்கும் தெய்வானை பிரித்துப் போடுவாள். அவள் மறுபடி மடிப்பாள். அதே நாற்பது துண்டுகள். ஒருவர் முகத்தையும் துடைக்காமலே நைந்துபோயிருந்தன.

படம் கடல் கடந்து போகும். கைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

இன்று அவற்றுக்குப் பரீட்சை.

பரீட்சை என்றால் அவளுக்கு ஏப்ரல்தான் ஞாபகம் வரும். மகளுக்குப் பத்தாம் வகுப்பு. இந்த வேலை போனால் மிச்சமிருப்பது தறிக்குடோனில் ராத்திரி ஷிப்ட். வீட்டில் மகள் மட்டும் தனியாக.

ஏப்ரலுக்கு இன்னும் மூன்று மாதம்.

கைகள் துண்டின் மேல் இறங்கின.

மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் மிதுன் நகத்தைக் கடித்தான். இன்ஜினியரிங் படித்தவன். எடுத்த படம் சரியாக இருந்தால் பச்சைப் பொத்தான், இல்லையென்றால் சிவப்பு. அதுதான் அவன் உத்தியோகம். ஷெட்டைப் பூட்டினால் அவனும் வெளியேதான். பரீட்சை தேறினால் அவனுக்கு ஒரு பாராட்டு மெயில் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

இரும்பு விரல்கள் துண்டை மெல்லத் தொட்டன.

மடிக்கவில்லை.

இரண்டு கைகளும் மேலே எழுந்தன. முகம் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் போய் நின்றன. இல்லாத கண்களில் ஒரு நொடி ஒற்றிக்கொண்டன.

பிறகு இறங்கி வந்து, நான்கு மூலையும் பொருந்த, அழகாக மடித்தன.

அது இந்த ஷெட்டின் வழக்கம்.

ஒன்பது பேரும் அப்படித்தான். காலையில் முதல் துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். தறியில் இருந்தபோது அவள் தறியைக் கும்பிட்டாள். தையல் கம்பெனியில் மெஷினை. இங்கே மெஷின் இல்லை. மெஷின் அவள்தான். தன்னைத் தானே கும்பிட்டுக்கொள்ள முடியாது. ஆகவே துண்டு.

மிதுனுக்குப் போன் வந்தது. வெளியே போய் இங்கிலீஷில் பேசினான். திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"பெயிலாயிருச்சுங்க்கா. கைய மேல தூக்கறது டைம் வேஸ்ட்டுங்கறாங்க. அத மறக்கடிக்கோணும்னா இன்னும் ஒரு மாசம் படம் எடுக்கோணுமாம்."

"நல்ல பழக்கந்தானுங்க தம்பி வந்திருக்குது," என்றாள் தெய்வானை. "அத எதுக்குங்க மறக்கடிக்கறீங்க?"

"நாளைலருந்து யாரும் துண்டக் கும்புடக் கூடாது."

ஒன்பது தலைகள் ஆடின. சட்டப்படி அதுவும் குற்றம்.

ஒரு மாதம். அவள் விரல் மடக்கிப் பார்த்தாள். ஏப்ரலுக்கு இன்னும் இரண்டு விரல் மிச்சம் நின்றது.

மறுநாள் காலை நெற்றியில் பட்டையைக் கட்டினாள். கேமராவில் விளக்கு மினுங்கியது.

முதல் துண்டை எடுத்தாள். தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கேட்டால் பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மடித்து வைத்தாள். தெய்வானை பிரித்துப் போட்டாள்.

இரண்டாவது துண்டை எடுத்தாள். இத்தனை வருட உழைப்பில் எந்த வேலையிலும் ஒரே நாளில் இரண்டாவது தடவை அவள் கும்பிட்டதில்லை.

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மூன்றாவதையும்.

மூலையில் மிதுன் லேப்டாப் திரையைப் பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் விரல் சிவப்புப் பொத்தானின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு நகர்ந்து பச்சையைத் தொட்டது.

தொட்ட விரலை, யாரும் படம் பிடிக்காததால், கண்ணில் ஒற்றிக்கொண்டான்.