எலுமிச்சை பார்த்த கடல்

இத்தாலியில், ஒரு குன்றின் மேல் இருக்கும் பழைய மாளிகைத் தோட்டத்தில், முந்நூறு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறது ஒரு சைப்ரஸ் மரம். அதற்கு வருஷத்தில் ஒரு நாள்தான் திருவிழா. குளிர்காலம் முழுக்கக் கண்ணாடி வீட்டில் கிடந்த எலுமிச்சையை, தோட்டக்காரர் எர்னெஸ்தோ தொட்டியோடு வண்டியில் தள்ளிவந்து சைப்ரஸின் காலடியில் இறக்கிவிடும் நாள் அது. குளிர் தாங்காமல் திரும்பி வராத தொட்டிகளும் உண்டு. அதனால் வண்டிச் சக்கரச் சத்தம் காதில் விழும்வரை சைப்ரஸுக்கு இருப்புக் கொள்ளாது.

மொத்தமே ஐம்பதடி தூரம்தான். வந்து இறங்கிய எலுமிச்சையின் தோரணையோ, காசிக்குப் போய் வந்தவர் தோரணை.

"விட்ட இடத்திலேயே நிக்கிறீங்களே அண்ணே," என்றது. "நாலு இடம் போய் வரணும். இந்தத் தடவை நான் கடலையே பார்த்துட்டேன்."

"கடலா?"

"ஆமா. ராத்திரி பூரா கூரை ஒழுகிச்சு. விடிஞ்சு பார்த்தா, இந்தச் சுவர்லேருந்து அந்தச் சுவர் வரைக்கும் தண்ணி."

பக்கத்தில் சதுரமாகக் கத்தரித்துவிட்டிருந்த வேலிச்செடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாருகிட்ட வந்து கடலைப் பத்திச் சொல்றே? அண்ணன் தினமும் உச்சியிலேருந்து..."

சைப்ரஸ் ஒரு காயை அதன் தலையில் போட்டது. வேலிச்செடி வாயை மூடிக்கொண்டது.

குன்றுக்கு அப்பால், சைப்ரஸின் உச்சிக்கு மட்டும் தெரியும் கடலில், படகுகள் கரை திரும்பிக்கொண்டிருந்தன. சைப்ரஸ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எலுமிச்சையை நோக்கித் தன்னால் முடிந்த மட்டும் குனிந்தது.

"அலை இருந்துச்சா?" என்று கேட்டது.